குண்டலுபேட்டை பங்க்கும் 93 பெட்ரோலும்

போன வாரம், ஊரிலிருந்து புதிதாக வந்த நண்பர் ஒருவர் தன் காம்ரிக்கு 93 போடச் சொன்னார். (நியூஜெர்சியில் நாமே போட்டுக்கொள்ள முடியாது, பங்க்காரர்தான் போடவேண்டும், நம்மூர் மாதிரியே!) "87 எல்லாம் மட்டம் சார்" என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1991 மே லீவு. மைசூரிலிருந்து ஊட்டிக்கு, அப்பாவின் பழைய பியட்டில். குண்டலுபேட்டையில் ஒரு பங்க்கில் நிறுத்தினோம். அதைத் தாண்டினால் பந்திப்பூர் காடு. அந்த நாளில் 87, 93 என்று இரண்டு வகை உண்டு. அப்பா எப்போதும் 93தான் கேட்பார். அன்று இல்லை. கல்லட்டி மலை ஏறும்போது, டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இன்ஜினில் ஒரு சத்தம்.

அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேருமுன் மிச்சக் கலவை தானாகவே வெடிப்பது. அதைத் தாங்கும் பொறுமைக்குத்தான் ஆக்டேன் எண். பெட்ரோலின் சக்திக்கு அல்ல.

அந்தப் பொறுமையை மலிவாக வாங்க ஒரு வழி 1921ல் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தார், நாக்கிங் நின்றது. 1924 அக்டோபரில் அதைத் தயாரித்த பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்துபோனார்கள். நான் தினமும் டர்ன்பைக்கில் கடந்துபோகிற அதே பேவே! 1925ல் விற்பனையை நிறுத்தினார்கள், மறுவருடமே மீண்டும் தொடங்கிவிட்டார்கள். ஈயப்புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது பிறகு உறுதியானது. இந்தியாவில் 1995ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க. கடைசி நாடான அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது.

போனில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நல்ல பெட்ரோல்னுதானேடா தேடித்தேடிப் போட்டேன்? உங்களுக்கு ஈயத்தையா ஊட்டினேன்?"

"87லயும் ஈயம் இருந்துச்சுப்பா. ரோடு முழுக்க அதே புகைதான்."

"இருபத்தி நாலுலயே தெரிஞ்சிருக்கு. நம்மகிட்ட ஒருத்தனும் சொல்லலையே."

எனக்குப் பதில் தெரியவில்லை.

நண்பருக்கு மட்டும் பதில் உண்டு. நம்மூரில் எழுதுவது ரிசர்ச் ஆக்டேன் எண். அமெரிக்காவில் அதையும், இன்னும் கடுமையான மோட்டார் சோதனையில் வரும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அதனால் இங்கே 87 என்பது நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 91, 92. அப்பா காலத்து 87 அல்ல. வண்டியின் கையேட்டில் 87 என்றிருந்தால் அதுவே போதும், 93க்குக் கொடுக்கும் காசு வீண். பிரீமியம் கட்டாயம் என்று எழுதியிருந்தால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டர்போ வண்டிகள் சில அப்படிக் கேட்கும்.

ஒரு நிமிஷம் கையேட்டைப் புரட்டிவிட்டு அப்புறம் பங்க்குக்குப் போங்கள். நமக்காவது யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.