பெட்டி பெட்டியாய்த் தெரிந்த தமிழ்



கணினி பழுதானால் சிரம்பானுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் சுங்கை காடுட் வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். வன்தட்டு கெட்டாலும், நச்சுநிரல் புகுந்தாலும், திரை இருண்டாலும் கடைக்காரர் ஏதேனும் செய்து கொடுப்பார். ஆனால் 'தமிழ் எழுத்து தெரியவில்லை' என்று சொன்னால் மட்டும் கையை விரித்துவிடுவார். அவரைக் குறைசொல்ல இயலாது. திரையில் உள்ள தமிழ் சரியாக இருக்கிறதா, சிதைந்திருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. தமிழர் கணினிகளில் பரவலாக நேர்ந்த ஒரு சிக்கல், இப்படி எந்தக் கடையிலும் தீராத சிக்கலாக இருந்தது. அதைத் தமிழர் தாமே தீர்த்துக்கொண்ட வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில் நோயின் மூலத்தைப் பார்ப்போம். பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. தமிழ் நெடுங்கணக்கோ 247 எழுத்துகள் கொண்டது. ஆகவே எழுத்துகளைக் கொம்பு, கால், புள்ளி எனத் துண்டுகளாக்கிக் கிடைத்த இடங்களில் அடுக்கினர். எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்பதில் ஆளுக்கொரு முறை. சிலர் ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழை அமர்த்தினர். பாமினி எழுத்துரு அவ்வகையைச் சேர்ந்தது. அதில் 'அம்மா' என்று தட்டச்சிட்ட கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே எதிரில் நிற்கும். அம்மாவைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்!

ஒரு பள்ளியில் உருவாக்கிய வினாத்தாள் அடுத்த பள்ளியில் படிக்க முடியாமற் போனது இதனால்தான். 1988 முதல் 2019 வரை நம் மாணவர்கள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு ஆசிரியர்கள் தட்டச்சிட்ட பயிற்சித் தாள்கள் எத்தனையோ! அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் நெகிழ்வட்டில் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். விருந்துக்குப் போகிறவர் தமக்குரிய இலையையும் கையோடு கொண்டுபோவது போன்ற நிலை அது.

இதற்குத் தீர்வு தேடியவர்களின் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நம் நாட்டின் பொறியியலாளர் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அடுத்த வீடான சிங்கப்பூரில் இணையத்தில் தமிழை ஏற்ற முன்னின்ற நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே முதன்மைக் காரணர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து எழுத்துரு உருவாக்கி, 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் ஒரு வேதியியல் அறிஞர். இவர்களைப் போன்றோர் கூடிப் பேசியதன் விளைவாகத் தகுதரம் என்னும் பொதுக் குறியேற்றம் உருவாயிற்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. விசைப்பலகை நன்மையே செய்தது. இன்றும் பலர் அதைக் கையாள்கின்றனர். ஆனால் தரம் ஒன்று வேண்டிய இடத்தில் இரண்டைக் கொடுத்தது மருந்தே இன்னொரு நோயானது போலாயிற்று என்பது என் கருத்து. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001 ஆகத்தில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது.

உண்மையான விடிவு ஒருங்குறியில் இருந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடம் மட்டும் போதாது. 'கொ' என்னும் எழுத்தில் ககரமே முதலில் பதிவாகிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறி அடுத்து வருகிறது. அதைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்துக் காட்டும் அறிவு கணினியின் இயங்குதளத்துக்கு வேண்டும். விண்டோஸ் 2000 பதிப்பில் அவ்வறிவு 'லதா' எழுத்துருவோடு வந்தது. 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பிலும் அது இருந்தது, ஆனால் பூட்டிவைக்கப்பட்டிருந்தது!

அந்தப் பூட்டைத் திறப்பதுதான் அக்காலத்தில் நாங்கள் பயின்ற கணினிப் பழுதுபார்ப்பு. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புகளுக்குள் நுழைந்து மொழிகள் பகுதியைத் திறக்க வேண்டும். 'சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள், தாய் மொழி உட்பட' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருக்கும். தாய் என்றால் தாய்லாந்து. தாய் இருந்தது, தமிழ் என்ற பெயர் அவ்வரியில் இல்லை. இவ்வளவு தெளிவில்லாத இடத்தில் நம் மொழி ஒளிந்திருக்கும் என்று எவருக்குத் தோன்றும்? அதில் குறியிட்டு, எக்ஸ்பி குறுந்தட்டைச் செருகி, கணினியை மறுதொடக்கம் செய்தால் பெட்டிகள் மறைந்து தமிழ் தெரியும். இக்குறிப்பைத் தமிழில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவும் பெட்டி பெட்டியாகவே தெரியும் அல்லவா? ஆதலால் தாளில் அச்சிட்டுக் கைக்குக் கை கொடுத்தோம்.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது அப்பாட ஆசிரியர்களுக்கு அரசாங்கம் மடிக்கணினிகள் வழங்கியது. ஆங்கிலத்தில் கற்பிப்பதற்கென வந்த அக்கணினிகளில் நாங்கள் முதலில் செய்த வேலை தமிழைத் திறந்துவிட்டதுதான். தட்டச்சிட முரசு அஞ்சலும் எ-கலப்பையும் இருந்தன. 2007இல் விஸ்டா வந்தபின் அந்தக் குறியிடும் வேலைக்கும் தேவையில்லாமற் போயிற்று.

ஆனால் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 2011இல் சுங்கை காடுட்வரை கொமுட்டர் இரயிலும் வந்துவிட்டது. லயங்கள் இல்லை. அங்கு வாழ்ந்தோரைப் பற்றிப் பள்ளி ஆண்டுமலர்களில் எழுதப்பட்ட கட்டுரைகள் பல, அச்சுப்படி தொலைந்து, யாரோ ஓர் ஆசிரியரின் குறுந்தட்டில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன. குப்பை என்று எண்ணி எறிந்துவிடுகிறார்கள். அது குப்பையன்று, தமிழ்தான்.

அவற்றை மீட்பது கடினமன்று. முதலில் மூலக் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்பைத் திறந்து எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிடினும் பெயர் அங்கே இருக்கும். அப்பெயர்தான் திறவுகோல். பெயர் தெரிந்தால் குறியேற்றம் தெரியும். குறியேற்றம் தெரிந்தால் மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கிவிடலாம். யாழ்ப்பாணத்தவரான சுரதா செருமனியிலிருந்து உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி இவ்வகையில் பலருக்கும் உதவியது. சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் என்.எச்.எம். மாற்றியும் அத்தகையதே.

ஓர் எச்சரிக்கை உண்டு. தகுதரக் கோப்பில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருப்பதால் இடையூறு இல்லை. பாமினிக் கோப்பிலோ இடையில் உரோமன் எழுத்தில் எழுதிய மலாய்ச் சொற்களையும் மாற்றி தமிழென்றே எண்ணிக் குதறிவிடும். நான் அண்மையில் மாற்றிய ஒரு மலரில் கட்டுரைகள் யாவும் ஒரு மணி நேரத்தில் தமிழாயின. தோட்டத்துப் பெயர்கள் மட்டும் பொருளற்ற எழுத்துக் கூட்டங்களாயின. அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கையால் திருத்த இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன.