கையைத் தூக்கினால்தான் மருந்து இறங்கியது

என் மனைவிக்குப் புற்றுநோய் வந்து குணமான கதையை முன்பே எழுதியிருக்கிறேன். கீமோ ஏற்றுவதற்காக அவளுடைய வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் 'போர்ட்' என்ற சின்னப் பொத்தான் ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பெரிய ரத்தக் குழாய்க்குள் நுழைந்து இதயத்தின் வாசல் வரை போகும். சிகிச்சை முடிந்தும் அதை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை போய் அடைப்பு வராமல் மருந்து நீர் விட்டுக்கொண்டு வருவோம்.

ஒரு மாதம் நீர் உள்ளே போகவில்லை. "அம்மா, கையை மேல தூக்குங்க" என்றார் நர்ஸ். தூக்கியதும் போயிற்று. அடுத்த மாதமும் அதே கதை. "தூக்கினா போகுதில்ல, விடுங்க" என்றாள் இவள். நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் இதைக் கேட்ட இளம் டாக்டர் ஒருவர் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அவருடைய அவசரம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் இந்தக் குழாயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி கூடாது என்று சொல்லியும் கேளாமல், சிறுநீர்க் குழாய் ஒன்றைத் தன் இடது கை நரம்பு வழியாக 65 செ.மீ. உள்ளே செலுத்தினார். அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இதயத்துக்குள் தெரிந்தது. பாராட்டுக்குப் பதில் ஏச்சுதான் கிடைத்தது. 1956-இல் நோபல் பரிசு வந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஆந்த்ரே கூர்நான் பாரிஸில் பிறந்தவர்.

காறை எலும்புக்கு அடியிலுள்ள பெரிய நரம்பில் ஊசி போடும் முறையை 1952-இல் எழுதியவரும் பிரெஞ்சுக்காரர்தான். பெயர் ரொபேர் ஒபனியாக். மறு வருஷம் ஸ்வீடனின் செல்டிங்கர், ஊசி வழியே கம்பியை விட்டு, கம்பியின் மேல் குழாயை ஏற்றும் வழியைச் சொன்னார். 1973-இல் ப்ரோவியாக், 1979-இல் ஹிக்மன் ஆகியோர் மாதக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும் குழாய்களை அறிமுகப்படுத்தினார்கள். தோலுக்கடியில் மறைந்திருக்கும் போர்ட் 1980-களில் வந்தது.

நீண்ட நாள் இருக்கும் குழாயில் கிருமி சேர்வதும் ரத்தம் உறைவதும் அடிக்கடி வரும் தொல்லைகள். எங்களுக்கு வந்ததோ அபூர்வமானது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்குக் காறை எலும்பு 'கிளாவிக்யூல்'. லத்தீனில் அதற்குச் சின்னச் சாவி என்று அர்த்தம். அந்தச் சாவிக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் சில சமயம் குழாய் மாட்டிக்கொள்கிறது. கை அசையும்போதெல்லாம் எலும்புகள் அதைக் கத்தரிபோல் நசுக்கும். கையைத் தூக்கினால் இடுக்கு விரியும், மருந்து இறங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல் ஒரு நாள் குழாயும் அறுந்துவிடலாம். அறுந்த துண்டு ரத்தத்தோடு இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய்விடும். சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அப்போது தொடை நரம்பு வழியாகச் சுருக்குக் கம்பியை விட்டுத் துண்டைப் பிடித்து இழுக்க வேண்டும். இதனாலேயே இப்போது பல டாக்டர்கள், ஸ்கேன் பார்த்துக் கழுத்து நரம்பு வழியாகக் குழாயை விடுகிறார்கள்.

இவளுடைய எக்ஸ்ரேயில் குழாய் அந்த இடத்தில் நசுங்கியிருந்தது. நல்லவேளை, அறுந்திருக்கவில்லை. அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். டாக்டர் அதைக் காட்டினார். நடுவில் நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு பள்ளம். இவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மாசம் சும்மா இருந்தோமே" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது போர்ட் இருந்து, கையைத் தூக்கினால்தான் மருந்து இறங்குகிறது என்றால் எங்களைப்போல் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்திருந்தால், இனி அது தேவையா என்றும் கேளுங்கள்.