ஒரு கிளியின் மெய்க்கீர்த்தி

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்தறியாத உயிர்களுக்கும் வரலாறு உண்டு. அதை அவற்றின் உடலே பொதிந்து வைத்திருக்கிறது. இதனை மாணவ நேயர்களுக்கு ஒரு கிளியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

நியூசிலாந்து நாட்டில் காகாப்போ என்றொரு கிளி வாழ்கிறது. மாவோரி மொழியில் அதற்கு 'இராக்கிளி' என்பது பொருள். கிளிகளிலெல்லாம் மிகக் கனமானது, பறக்க இயலாதது. மனிதர் குடியேறியபோது எலியும், பின்னர்ப் பூனையும் ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணியும் உடன் வந்தன. தரையில் வாழும் கிளி என்ன செய்யும்?

1894-இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெசொல்யூஷன் தீவின் காவலராக அமர்ந்து, நூற்றுக்கணக்கான பறவைகளை அங்கே கொண்டு சேர்த்தார். 1900-இல் ஸ்டோட் அத்தீவிலும் காணப்பட்டது. அவர் உழைப்பு வீணாயிற்று. 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் 1995-இல் எஞ்சியவை 51 பறவைகளே. தென்தீவின் மரபில் மிஞ்சியது ஒரே ஓர் ஆண்பறவை. அந்தப் பெரியவரின் பெயரையே அதற்கும் சூட்டியிருந்தனர்.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் மறைந்திருக்கும் மரபுக் குறைகள் வெளிப்படும் என்பது அறிவியல் கண்ட உண்மை. அப்படியாயின் இவ்வினம் அழிந்தே தீருமா?

விடையை டி.என்.ஏ. தந்தது. அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட பழைய பறவைகள் உட்பட 49 பறவைகளின் முழு மரபுத்தொகுதியையும் ஆராய்ந்த முடிவு 2021-இல் வெளியாயிற்று. பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்தபோது, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், ஸ்டூவர்ட் தீவுப் பறவைகள் தனிமைப்பட்டன. அன்றுமுதல் சிறு கூட்டமாகவே வாழ்ந்தன. கேடான குறைகளைச் சுமந்தவை சந்ததியின்றி மறைய, அக்குறைகளும் மெல்ல மெல்லக் களையப்பட்டன. எனவே, தென்தீவுப் பறவைகளைவிட இவற்றில் அத்தகைய குறைகள் குறைவு.

ஆனால் களையோடு பயிரின் பல வகைகளும் போய்விட்டன. வேற்றுமை குன்றிய இனம் புதிய நோயின்முன் தளரக்கூடும். தென்தீவின் அந்த ஆண்பறவையிடம் குறைகள் மிகுதி. வேற்றுமைச் செல்வமும் மிகுதி. 2010-இல் அது இறக்குமுன் மூன்று குஞ்சுகளை விட்டுச் சென்றது. அவ்வழியைப் பேண வேண்டும். ஆனால் மரபைப் படித்தறிந்தே பேண வேண்டும். இதுவே அந்த ஆராய்ச்சி தரும் அறிவுரை.

2022-இல் காகாப்போக்களின் எண்ணிக்கை 250-ஐக் கடந்தது. கல்வெட்டைப் படிப்பவர் இறந்த அரசனை எழுப்ப இயலாது. உயிர்களின் ஏட்டைப் படிப்பவரோ, வாழும் உயிரைக் காக்க இயலும். மாணவர்களே, வரலாற்றின் பயன் இதனினும் பெரிது உண்டோ?