வரிக்கு எட்டு கோபெக்

உலகின் சிறந்த சிறுகதைக்காரர்கள் யார் என்று யாரிடம் கேட்டாலும் ஆன்டன் செகாவின் பெயர் கண்டிப்பாக வரும். அவர் கதைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதைகளுக்கு அவர் வாங்கிய கூலியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சிறுகதை எழுதி ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்குச் செகாவின் வரவு செலவுக் கணக்கைவிட நல்ல பதில் கிடைப்பது கஷ்டம்.

செகாவ் 1860ல் தெற்கு ரஷ்யாவின் தகன்ரோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு மளிகைக்கடை. 1876ல் கடை திவாலானது. கடனுக்காகச் சிறைக்குப் போக நேரும் என்று பயந்து அப்பா மாஸ்கோவுக்கு ஓடிவிட்டார். குடும்பமும் பின்னாலேயே போனது. பள்ளிப் படிப்பை முடிப்பதற்காக 16 வயது ஆன்டன் மட்டும் ஊரில் தங்கினான். டியூஷன் எடுத்தும் வீட்டில் மிச்சமிருந்த சாமான்களை விற்றும் மாஸ்கோவுக்குப் பணம் அனுப்பினான். குடும்பப் பாரம் அன்று அவன் தோளில் ஏறியது, கடைசி வரை இறங்கவில்லை.

1879ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். முதலாம் ஆண்டிலேயே, 1880 மார்ச்சில், 'ஸ்ட்ரெகோஸா' என்ற நகைச்சுவை வார இதழில் அவர் எழுத்து அச்சானது. சம்பளம் வரிக்கு 5 கோபெக். 100 கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். 1882ல் லெய்கின் நடத்திய 'ஒஸ்கோல்கி' இதழுக்கு எழுத ஆரம்பித்ததும் கூலி வரிக்கு 8 கோபெக் ஆனது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை இருந்தது. கதை 100 வரியைத் தாண்டக்கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வரி முழுதாக எழுதினாலும் ஒரு கதைக்கு 8 ரூபிள்தான். வீட்டில் அப்பா, அம்மா, தங்கை, தம்பிகள். ஆக, நிறைய எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஒரு பத்திரிகைக்கு மட்டும் சில ஆண்டுகளில் 200க்கும் மேல் எழுதித் தள்ளினார். செகாவின் கதைகளில் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வரும் குணம் இருக்கிறதே, அதில் இந்த 100 வரிக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1884ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருடக் கடைசியில் முதன்முதலாக இருமலில் ரத்தம் வந்தது.

1886ல் சுவோரினின் 'நோவயே வ்ரேம்யா' நாளிதழ் வரிக்கு 12 கோபெக் கொடுத்தது, நீளக் கட்டுப்பாடும் இல்லை. அதே வருடம் கிரிகொரோவிச் என்ற மூத்த எழுத்தாளர், திறமையை வீணாக்காதே, அவசரமாக எழுதாதே, பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று புத்தி சொல்லிக் கடிதம் எழுதினார். செகாவ் நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளைக்கு மேல் செலவழித்ததாக ஞாபகம் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். தனி ஆள் என்றால் பட்டினி கிடந்து பார்க்கலாம். ஒரு வீட்டையே பட்டினி போட முடியுமா?

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1888ல் புஷ்கின் பரிசில் பாதி, 500 ரூபிள், கிடைத்தது. 1892ல் மெலிகோவோ என்ற இடத்தில் 13,000 ரூபிளுக்குக் கடன் வைத்து ஒரு பண்ணை வாங்கினார். 1897ல் நுரையீரலில் இருந்து ரத்தம் கொட்டி மருத்துவமனையில் படுத்தபோது காசநோய் என்பது உறுதியானது. குளிர் இல்லாத தெற்கே போய் இருக்கச் சொன்னார்கள். யால்டாவில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். கையில் பணம் இல்லை.

அப்போது வந்தவர்தான் பதிப்பாளர் அடால்ஃப் மார்க்ஸ். 1899 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவரை எழுதிய அத்தனையின் உரிமையும் 75,000 ரூபிளுக்கு மார்க்ஸுக்குப் போனது, அதுவும் தவணையில். இனி எழுதுவதும் மார்க்ஸுக்குத்தான். அதற்கு அச்சுத்தாள் கணக்கில் தனிக்கூலி, 5 ஆண்டுக்கு ஒருமுறை 200 ரூபிள் கூடும். 80 வயதுக்கு மேல் வாழமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன் எனச் செகாவ் வேடிக்கையாகத் தந்தி அடித்தார். கூலி ஏறிக்கொண்டே போனால் என்ன ஆவது என்று மார்க்ஸ் நிஜமாகவே கலங்கினாராம்!

75,000 ரூபிள் என்பது கிட்டத்தட்ட ஆறு மெலிகோவோ பண்ணைகளின் விலை. பழைய கணக்கில் 9,000க்கும் அதிகமான 100 வரிக் கதைகளுக்கான கூலி. செகாவுக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் இருபது வருடமாகக் கூலியாகவே கணக்குப் பார்த்துப் பழகியவர். எழுதி முடித்த கதை வருடா வருடம் வருமானம் தரும் சொத்து என்பதை மார்க்ஸ் அறிந்திருந்தார்.

1903ல் மார்க்ஸ் தனது 'நிவா' வார இதழின் சந்தாதாரர்களுக்குச் செகாவின் தொகுதிகளை இலவச இணைப்பாகக் கொடுத்தார். இரண்டு லட்சத்துக்கும் மேல் சந்தா உள்ள பத்திரிகை அது. ரஷ்யாவின் மூலை முடுக்கெல்லாம் செகாவ் போய்ச் சேர்ந்தார். அதில் தனியாக ஒரு கோபெக்கூட அவருக்கு வரவில்லை. மாக்சிம் கார்க்கி கொதித்துப் போனார். ஒப்பந்தத்தில் இருந்து செகாவை விடுவிக்கும்படி எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு மார்க்ஸுக்கு அனுப்ப ஒரு கடிதம் தயாரானது. செகாவ் அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டது தான்தான், மலிவாக விற்றிருந்தால் தவறும் தன்னுடையதே என்பது அவர் வாதம். மளிகைக் கடைக்காரரின் மகன், சொன்ன விலையில் இருந்து பின்வாங்கவில்லை.

1904 ஜூலையில் ஜெர்மனியின் பாடன்வைலரில் அவர் இறந்தபோது வயது 44தான்.

ஒப்பந்தத்தில் அவர் விற்காமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. நாடகங்களை மேடையேற்றுவதில் வரும் வருமானம். 1901ல் உயில்போல எழுதிய கடிதத்தில், யால்டா வீட்டோடு அந்த வருமானத்தையும் தங்கை மாஷாவுக்கு எழுதி வைத்தார். வரிக்கு வரி காசு பார்த்து எழுதிய நூற்றுக்கணக்கான கதைகளில் ஒன்றைக்கூட யாருக்கும் எழுதி வைக்க முடியவில்லை. அவை மார்க்ஸிடம் இருந்தன.