நூற்றாண்டுப் பண்ணைகளும் நாற்பது ஏக்கரும்

ஒரு கடையின் பெயர்ப்பலகையில் "தொடக்கம் 1920" என்று போட்டிருந்தால் நமக்குத் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடும். அமெரிக்காவில் இந்த மரியாதையை விளைநிலங்களுக்கும் செய்கிறார்கள். ஒரே குடும்பத்தின் கையில் நூறு ஆண்டுகள் தொடர்ந்து இருந்த பண்ணைக்கு ஒரு சான்றிதழ், வாசலில் நட்டு வைக்க ஒரு பலகை! இதற்கு 'சென்ச்சுரி ஃபார்ம்', அதாவது நூற்றாண்டுப் பண்ணை என்று பெயர்.

நியூயார்க் மாநில வேளாண் சங்கம் 1937-லேயே இதைத் தொடங்கிவிட்டது. மிச்சிகன் 1948-லும் டெக்சாஸ் 1974-லும் சேர்ந்துகொண்டன. மக்காச்சோளத்துக்குப் பேர்போன அயோவா மாநிலம், நாடு விடுதலை பெற்ற 200-வது ஆண்டைக் கொண்டாட 1976-ல் ஆரம்பித்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 5,000 பண்ணைகளுக்கு விருது! இன்று அந்த எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது. 150 ஆண்டுகள் கண்ட பண்ணைகளுக்கு 2006 முதல் தனி விருதும் உண்டு. அயோவாவின் விதி எளிமையானது. பழைய நிலத்தில் குறைந்தது 40 ஏக்கராவது இன்னும் குடும்பத்திடம் இருக்க வேண்டும்.

இந்த 40 ஏக்கரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிலத்தை நூறு ஆண்டுகள் கைவிடாமல் காப்பது லேசான காரியமா? மழை, பூச்சி எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். வணிகவியல் படிப்பவன் கண்ணுக்கு முதலில் தெரிவது கடனும் வரியும்தான். அயோவாவில் 1981-ல் ஒரு ஏக்கரின் சராசரி விலை 2,147 டாலர். 1986-ல் அதுவே 787 டாலர்! நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வட்டி கட்ட முடியாமல் பல குடும்பங்கள் பண்ணையை இழந்தன.

அடுத்தது வரி. அப்பா விட்டுச்சென்ற சொத்து பெரிதாக இருந்தால் அதற்கு வரி கட்ட வேண்டும். சந்தை விலையில் கணக்குப் போட்டால் வரிக்காகவே நிலத்தை விற்க வேண்டிவரும். 1976-ல் வந்த வரிச் சட்டம், விவசாயத்தில் அந்த நிலம் தரும் வருமானத்தை வைத்து மதிப்பிட வழி செய்தது. பலகை வந்த அதே ஆண்டில்தான் இந்தச் சலுகையும் வந்தது. ஆக, பண்ணை நிலைப்பதற்கு உழைப்போடு சட்டத்தின் துணையும் வேண்டும்.

அந்தத் துணை கிடைக்காதவர்கள்?

1865 ஜனவரியில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோரத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை நிலம். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பெரும்பகுதி நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த 40 ஏக்கர் அவர்களிடமே இருந்திருந்தால் 1965-ல் அவை நூற்றாண்டுப் பண்ணைகள் ஆகியிருக்கும்!

அதன் பிறகும் கறுப்பின மக்கள் காசு சேர்த்து நிலம் வாங்கினார்கள். குத்தகைக்கும் உழுதார்கள். 1920-ல் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்த கறுப்பின விவசாயிகள் சுமார் 9,25,000 பேர். 1997-ல் சுமார் 18,500 பேர்தான். வேளாண்மைத் துறை கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியது என்று அவர்கள் தொடுத்த வழக்கில் 1999-ல் சமரசம் ஏற்பட்டது.

இன்னொரு காரணம் நமக்கும் புரியக்கூடியது. உயில் எழுதாமல் தாத்தா இறந்தால் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொது. எங்கோ நகரத்தில் இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கி நீதிமன்றம் போனால், மொத்த நிலமும் ஏலத்துக்கு வந்துவிடும். உழுதுகொண்டிருப்பவர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இத்தனையையும் தாண்டி நூற்றாண்டு விருது பெற்ற கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பலகைக்கு என் கணக்கில் இரட்டை மதிப்பு.

2010-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. ஒரு பங்காளி விற்கச் சொல்லி வழக்குப் போட்டால், அவருடைய பங்கை மதிப்பீட்டு விலைக்கு வாங்கும் முதல் வாய்ப்பு மற்ற வாரிசுகளுக்கு. ஜார்ஜியா, தென் கரோலினா உட்படப் பல மாநிலங்கள் இதை ஏற்றுள்ளன. நூறு ஆண்டு காத்தவருக்குப் பலகை நடுவது நல்ல பழக்கம்தான். ஐம்பதாவது ஆண்டில் தடுமாறும் குடும்பத்துக்கு இந்தச் சட்டம்தான் உதவும்.