திண்டுக்கல் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு

கொடைக்கானல் மலைவழியே கேரளத்தின் இடுக்கியைத் தொட்டுக்கிடக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவ ஆய்வு. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெளுத்த திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் சோதனை, சாவைக் குறைக்குமா என்பதே கேள்வி. வினிகரின் புளிப்பும் இதே அமிலம்தான். லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆர். சங்கரநாராயணன் ஆய்வை வழிநடத்தினார். களம், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவ மையம்.

சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் இவ்வகை ஆய்வுக்கு முன்னோடி சென்னையில் உண்டு. 1956இல் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல்போல் பிரித்து, பாதிப்பேருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்ததாக 1959இல் முடிவு வெளியானது.

திண்டுக்கல்லில் பிரிக்கப்பட்டது ஆள் அல்ல, ஊர். 114 ஊர்த்தொகுதிகளில் 57 சோதனைக்கும் 57 ஒப்பீட்டுக்கும் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டன. ஒரே தெருவில் ஒருத்தியைக் கூப்பிட்டு அடுத்த வீட்டுக்காரியை விடுவது கிராமத்தில் நடக்கிற காரியமா? பயிற்சி பெற்ற செவிலியர்களே சோதித்தார்கள். புற்றுக்கு முந்தைய சிறு புண்களை அன்றே உறையவைத்து அழித்தவர்களும் அவர்கள்தாம்.

சோதனைப் பிரிவில் 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 49,311 பெண்கள் இருந்தனர். 2003 வரை வந்தவர்கள் 31,343 பேர். வராத பதினெட்டாயிரம் பேரையும் கணக்கில் வைத்தே பலன் அளக்கப்பட்டது. ஆய்வின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. வந்தவர்களை மட்டும் எண்ணினால், உடல்நலத்தில் அக்கறையுள்ளவர்களின் நற்பேறும் சோதனையின் கணக்கில் சேர்ந்துவிடும். நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

ஆனால் மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத்தில் இதே சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, அங்கே, இப்புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனையே பலன் தந்தது. திண்டுக்கல், உஸ்மானாபாத் ஆய்வுகளிலும் மும்பையில் நடந்த இதுபோன்ற ஆய்விலும் ஒப்பீட்டுப் பிரிவுகளில் மொத்தம் 1,38,624 பெண்கள் சோதனையின்றி விடப்பட்டது பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. வழக்கமான சிகிச்சையோடுதான் ஒப்பிட்டோம் என்பது ஆய்வாளர் தரப்பு. அந்த வழக்கத்தில் புற்றுநோய்ச் சோதனை என்பதே கிடையாது என்பதால், இந்தப் பதில் பாதிதான் தேறுகிறது.

பிறகு தமிழக அரசு இச்சோதனையைத் தஞ்சாவூரிலும் தேனியிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, மாநிலம் முழுக்க விரித்தது.