நெற்றியில் குத்திய எழுத்து: கிரேக்க மருத்துவக் கோயில்களும் அடிமைகளும்



ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதப் புகும்போது, அவர்களே எழுதிவைத்த ஏடுகள் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கோயில் தன் பெருமைக்காக வெட்டிய கல்லிலும், ஆண்டையின் கணக்கிலும், சட்டத்தின் தண்டனைப் பிரிவிலும்தான் அவர்கள் வந்துபோகிறார்கள். அத்தகைய கல்லை எப்படி வாசிப்பது என்பதற்குப் பண்டைய கிரேக்கத்தின் நோய் தீர்க்கும் கோயில்களை இந்த நினைவுப் பேருரையில் எடுத்துக்கொள்கிறோம். பலதரப்பட்ட மக்களும் வந்துபோன அந்தக் கோயில்களில் யாருடைய துன்பம் நோயாகக் கணக்கில் வந்தது என்பதே நம் கேள்வி.

அந்தக் கோயில்களின் கடவுள் அஸ்க்லேப்பியஸ். தந்தை அப்போலோ என்னும் தெய்வம். தாய் கொரோனிஸ் ஒரு மானுடப் பெண். மருத்துவம் கற்றுத் தேர்ந்து, செத்தவரையும் எழுப்பத் துணிந்ததால் சீயஸ் அவரை இடியால் கொன்றார் என்கிறது புராணம். கொல்லப்பட்ட அந்த மருத்துவரே பின்னர் கடவுளாக வணங்கப்பட்டார். கி.மு. 420 வாக்கில் ஏதென்ஸுக்கும், கொள்ளைநோய் வாட்டிய ஆண்டுகளில் ரோமுக்கும் அவர் வழிபாடு சென்றது. ரோமில் டைபர் ஆற்றுத் தீவில் கி.மு. 291இல் அவர் குடியேற்றப்பட்டார்.

அவருடைய தலைமைக் கோயில் எபிடாரஸில் இருந்தது. நோயாளி அங்கே குளித்து, பலி கொடுத்து, இரவில் ஒரு கூடத்தில் படுத்துறங்குவார். அந்தக் கூடத்துக்கு 'அபாட்டன்' என்று பெயர். 'நுழையக் கூடாத இடம்' என்று பொருள். கனவில் கடவுள் வந்து மருந்து தடவுவார், அறுவை செய்வார், அல்லது வழி சொல்வார். குணமானவர்களின் கதைகளைக் கோயில் கல்லில் வெட்டி நிறுத்தியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியஸ் ஆறு கற்பலகைகளைப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த அகழாய்வில் அவற்றில் சில கிடைத்தன. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்களில் ஏறத்தாழ எழுபது கதைகள் உள்ளன.

அங்கும் தீட்டு இருந்தது. கோயில் எல்லைக்குள் யாரும் சாகவும் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது. சாகக் கிடந்தவர்களும் பேறுகாலப் பெண்களும் வெட்டவெளியில் கிடந்தார்கள். பௌசானியஸ் காலத்தில்தான் அந்தோனினஸ் என்ற ரோமானிய செனட்டர் அவர்களுக்கென்று ஒரு கட்டடம் கட்டினார். ஆனால் இந்தத் தீட்டு நிகழ்ச்சியோடு ஒட்டியது. குளித்தால் போகும், நாள் கழிந்தால் தீரும். பிறப்போடு ஒட்டி, சாகும்வரை தீராத தீட்டு அல்ல அது. இந்த வேறுபாட்டை மறந்து 'எங்கும் தீண்டாமை உண்டு' என்று பேசுவது சாதிக்கு வக்காலத்து வாங்குவதில் போய் முடியும்.

அடிமைகளும் இந்தக் கோயில்களுக்குள் வந்தார்கள். கி.மு. 388இல் அரிஸ்டோஃபனீஸ் அரங்கேற்றிய செல்வக் கடவுள் பற்றிய நாடகத்தில், கோயிலில் படுத்த இரவை விவரிப்பவரே காரியோன் என்ற அடிமைதான். பலிமேடையில் இருந்த பண்டங்களைப் பூசாரி சுருட்டியதையும் அவர் சொல்கிறார். ஆகவே கதவு திறந்திருந்தது. உள்ளே என்ன கிடைத்தது என்பதை இரண்டு கல்வெட்டுக் கதைகள் காட்டுகின்றன.

முதல் கதையில், எபிடாரஸ் கோயிலுக்குப் போகும் வழியில் மூட்டை சுமந்துவந்த ஒருவர் விழுந்துவிடுகிறார். மூட்டையைத் திறந்தால், எசமானர் வழக்கமாகக் குடிக்கும் கோப்பை உடைந்து கிடக்கிறது. அவர் உட்கார்ந்து சில்லுகளைப் பொருத்திப் பார்க்கிறார். இதை அஸ்க்லேப்பியஸாலும் ஒட்ட முடியாது என்கிறார் வழிப்போக்கர் ஒருவர். சில்லுகளை அள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போய்த் திறந்தால், கோப்பை முழுசாக இருக்கிறது. எசமானர் அதைக் கடவுளுக்கே காணிக்கையாக்குகிறார்.

மற்ற கதைகள் பல நோயாளியின் பெயரிலோ நோயின் பெயரிலோ தொடங்கும். இந்தக் கதையின் தலைப்பு 'கோப்பை'. சுமந்தவருக்குப் பெயர் இல்லை, தொழில்தான் இருக்கிறது. விழுந்ததில் அவருக்கு அடிபட்டதா என்று கல் கேட்கவே இல்லை. எசமானருக்கு என்ன பதில் சொல்வது என்று நடுவழியில் உட்கார்ந்திருந்தவரின் அச்சம் மட்டும், எழுதியவர் நினைக்காமலேயே கல்லில் ஏறிவிட்டது.

இரண்டாவது கதை தெசலியைச் சேர்ந்த பாண்டரஸ் பற்றியது. அவர் நெற்றியில் குத்திய குறிகள் இருந்தன. கிரேக்கர்கள் அதை 'ஸ்டிக்மா' என்றார்கள். தப்பியோடிய அடிமைகளுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் மையால் குத்திய குறி அது. பாண்டரஸ் அடிமையா என்று கல் சொல்வதில்லை. கனவில் கடவுள் அவர் நெற்றியில் ஒரு துணியைக் கட்டுகிறார். விடிந்ததும் அவிழ்த்தால் குறிகள் துணிக்கு மாறியிருக்கின்றன. நன்றிக் காணிக்கைக்கான பணத்தை அவர் எகெடோரஸ் என்பவரிடம் கொடுத்தனுப்புகிறார். எகெடோரஸ் நெற்றியிலும் குறிகள் உண்டு. பணத்தை அவர் அமுக்கிக்கொள்ள, தம்முடையவற்றோடு பாண்டரஸின் குறிகளும் அவர் நெற்றியில் ஏறிவிடுகின்றன.

நெற்றிக் குறி எந்த உடலிலும் தானாக வரும் நோயல்ல. ஊசியும் மையும் அதிகாரமும் சேர்ந்து உண்டாக்கியது. அதை அழிக்க ஒருவர் கோயில்வரை நடந்தார் என்றால், சமூகம் தந்த இழிவும் உடல் வலிபோலவே தீர்க்கப்பட வேண்டியது என்று குறியைச் சுமந்தவர் அறிந்திருந்தார் என்று பொருள். கடவுளும் குறியை அழித்தார். ஆனால் குத்தும் வழக்கத்தை அழிக்கவில்லை. காசு வராதபோது அதே குறியையே தண்டனையாகவும் பயன்படுத்தினார்.

கோயிலுக்கு வெளியே இருந்த மருத்துவத்தைப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அடிமைகளைப் பெரும்பாலும் அடிமை மருத்துவர்களே பார்ப்பார்கள். எதையும் விளக்காமல் கொடுங்கோலரைப்போல் மருந்தை ஆணையிட்டுவிட்டு அடுத்தவரிடம் ஓடுவார்கள். சுதந்திர மனிதரின் மருத்துவரோ நோயாளியோடும் சுற்றத்தாரோடும் பேசி, அவர் இசைந்த பிறகே மருந்து தருவார். இன்னொரு நூலில் பிளேட்டோ ஒரு தச்சரைக் காட்டுகிறார். நீண்ட சிகிச்சை சொன்னால், நோயாளியாக இருக்க எனக்கு நேரமில்லை என்று வேலைக்குத் திரும்புபவர் அவர். பிழைத்தால் பிழைப்பார், இல்லையேல் சாவார். பிளேட்டோ இதைப் பாராட்டாகவே சொல்கிறார். அதே அஸ்க்லேப்பியஸின் பெர்கமோன் கோயிலிலோ, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், செல்வந்தப் பேச்சாளர் அரிஸ்டைடீஸ் நெடுங்காலம் தங்கித் தம் கனவுகளை ஏடு ஏடாக எழுதினார். நேரமும் ஒரு சொத்துதான்.

டைபர் தீவுக்கு வருவோம். நோயுற்ற அடிமைகளுக்குச் செலவழிக்க மனமில்லாத ரோமானிய எசமானர்கள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவந்தார்கள். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட பேரரசர் கிளாடியஸ், அப்படிக் கைவிடப்பட்டவர் பிழைத்தால் விடுதலை பெற்றவர் என்றும், கைவிடுவதற்குப் பதிலாகக் கொன்றால் அது கொலைக்குற்றம் என்றும் ஆணையிட்டார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நோயாளிகளை ஏற்ற தீவில், கைவிடப்பட்டவரின் விடுதலைக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

ரோமானிய அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதிய அண்ணல் அம்பேத்கர், தீண்டாமையே கொடியது என்று வாதிட்டார். அடிமை சொத்து என்பதால் அவர் உடல்நலத்தில் உடைமையாளருக்குத் தன்னல அக்கறையாவது இருந்தது. தீண்டப்படாதவருக்கு அதுவும் இல்லை என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அந்த அக்கறை எவ்வளவு தூரம் வரும் என்பதை டைபர் தீவு சொல்கிறது. உழைக்க முடிந்தவரைதான்.

கோயில் நுழைவு நமக்கு உரிமைப் போராட்டம். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே போன பிறகும் எழும் கேள்வியை எபிடாரஸ் கற்கள் எழுப்புகின்றன. மருத்துவமனைப் பதிவேடாக இருந்தாலும் கோயில் கல்வெட்டாக இருந்தாலும், அதில் தொழிலால் மட்டும் குறிக்கப்பட்டவர் யார், விழுந்தவரை விட்டுவிட்டு எந்தக் கோப்பை பேசப்படுகிறது என்று தேடிப் படியுங்கள். நம் வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் அங்கேதான் இருக்கின்றன.